‘தொடரவும்’ என்று எழுதிய கை

மார்ச் 3, திங்கள்

இன்று எனக்கு ஒரு ஜன்னல் கிடைத்தது.

பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரியின் மருந்து கவுன்டரில் குழல்விளக்கு வெளிச்சத்தில் நின்றவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஸ்டோருக்கு மேலே ஒரு குட்டி அறை. மேஜை, ஆடுகிற நாற்காலி, கம்ப்யூட்டர். ஜன்னலைத் திறந்தால் ஆம்புலன்ஸ் நிற்கும் இடமும், அழுக்குத் துணி ஏற்றுகிற சலவை வண்டியும் தெரியும். அழகான காட்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்குப் போதும்.

வேலை இதுதான். கடந்த மூன்று வருடத்தில் மருந்துக்காக ஆஸ்பத்திரி செலவழித்தது எவ்வளவு, அதே நிர்வாகத்தின் கீழ் இருக்கிற ஆறு கிளினிக்குகள் செலவழித்தது எவ்வளவு என்று ஒப்பிட்டு அறிக்கை எழுத வேண்டும். இரண்டு இடத்திலும் நோயாளிக்கு மருந்து இலவசம். பணம் வருவதும் ஒரே இடத்திலிருந்துதான். ஆஸ்பத்திரிச் செலவு அப்படியே நிற்கிறது, கிளினிக்குகளின் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்பது புகார்.

நிதி அதிகாரி என்னை நிற்க வைத்தே சொன்னார்: “ஆஸ்பத்திரி ஒழுங்கா இருக்கு. கிளினிக்லதான் தண்ணியா வாரி இறைக்கிறாங்க. அதை எழுத்துல காட்டுங்க, போதும்.”

இந்த வேலைக்கு என் பெயரைச் சொன்னது பூட்டு சாராம். எங்கள் தலைமை மருந்தாளர். ஸ்டோரைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார், அதனால் அந்தப் பெயர். அவர் காதுபடச் சொல்கிற தைரியம் யாருக்கும் கிடையாது. அவருக்குத் தெரியாமலும் இருக்காது.

வீட்டில் என் கணவரிடம் சொன்னதும் இவர், “அப்ப இனிமே நீ ஆபீசர். கால் வலிக்குதுன்னு என்கிட்ட சொல்ல முடியாது” என்றார்.

மார்ச் 5

நாற்காலிக் கால் ஒன்றுக்கு அடியில் காலி மாத்திரை அட்டையை மடித்து வைத்தேன். ஆட்டம் நின்றது. இன்றைக்கு உருப்படியாகச் செய்த ஒரே வேலை.

மார்ச் 11, செவ்வாய்

நாத்தனார் சாப்பிட வந்தாள். இவருடைய ஒரே தங்கை; இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஆறு கிளினிக்குகளில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் அவள்தான் நர்ஸ். தட்டை எடுத்து வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“என்ன அண்ணி, எங்களை மாட்டிவிடற வேலையாமே உங்களுக்கு?”

“தப்பு பண்ணாதவங்க ஏன் பயப்படணும்?” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

“சாயங்கால நேரத்தையே மூடப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. மருந்துச் செலவு குறையலைன்னா அதுலதான் கைவைப்பாங்களாம். காலையில வேலைக்குப் போறவங்க எல்லாம் அப்புறம் எங்க போவாங்க?”

“அப்ப செலவைக் குறைங்க.”

“ஓ! பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லிட்டாங்க, குறைச்சிடுவோம்.”

இவருடைய வலது கால் தரையை அழுத்தியது. டிரைவிங் ஸ்கூலில் இருபது வருடமாகப் பக்கத்து இருக்கையில் பிரேக் மேல் கால் வைத்தே உட்கார்ந்திருக்கும் மனிதர். நாங்கள் இருவரும் வேகமெடுத்தால் அந்தக் கால் தானாக அழுத்தும். மூன்று பேரும் அதைப் பார்த்தோம். சிரித்துவிட்டோம். பேச்சு வேறு பக்கம் போயிற்று.

மார்ச் 19, புதன்

எண்கள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. ஆஸ்பத்திரியின் கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. ஒரு வருடம் கொஞ்சம் இறங்கக்கூடச் செய்திருக்கிறது. கிளினிக்குகளின் கோடு மாடிப்படி போல ஏறுகிறது. எதனால் ஏறுகிறது என்றும் தெரிகிறது. முக்கியமாக இரண்டு மருந்துகள். ஒன்று, வயிற்றுப்புண் வராமல் தடுக்கிற மாத்திரை. இன்னொன்று, மூச்சிரைப்புக்கு உறிஞ்சுகிற, பச்சை மூடி போட்ட இன்ஹேலர். கிளினிக் டாக்டர்கள் இரண்டையும் மிட்டாய் மாதிரி எழுதுகிறார்கள்.

கட்டங்களில் எண்களைப் போட்டுக் கூட்டிப் பார்த்து, கூட்டல் ஒத்துவரும்போது வருகிற ஒரு சுகம் இருக்கிறதே! இந்த வேலைக்கு நான் முன்பே வந்திருக்கலாம்.

மார்ச் 28, வெள்ளி

முதல் வரைவைக் கொடுத்துவிட்டேன். பதினான்கு பக்கம். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்து, “தெளிவா இருக்கு” என்றார். நிதி அதிகாரி என்னை உட்காரச் சொன்னார்!

படியிறங்கும்போது பூட்டு சார் சொன்னார்: “ஜூன் கடைசியோட நான் வீட்டுக்கு. இந்த இடத்துக்கு விண்ணப்பம் கேட்பாங்க. நீ போடு. நான் ரெண்டு வார்த்தை சொல்றேன்.”

தலைமை மருந்தாளர். என் வாயால் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

வரும் வழியில் இவருக்கு ஒரு நல்ல சட்டை வாங்கினேன். “என்ன விசேஷம்?” என்றார். “ஒண்ணுமில்ல” என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஏப்ரல் 2

கிளினிக் கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்களாம். ஜூன் முதல் சாயங்கால நேரம் கிடையாது. நாத்தனார் ஒரு வாரமாக வரவில்லை. இவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 5, சனி

கிளினிக் கொடுத்த கணக்கில் ஒரு மாதம் விட்டுப்போயிருந்தது. போன் செய்து கேட்டால் போதும். நானே போனேன். ஏன் போனேன் என்று இப்போது எழுத வேண்டியதில்லை.

சாயங்காலம் ஐந்தரை. நீளமான ஒரு கூடம், இரண்டு வரிசை பெஞ்சு. கடைகளில் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த பெண்கள் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். சீருடையில் ஒரு காவலாளி. மடியில் குழந்தையும் முதுகில் பள்ளிக்கூடப் பையுமாக ஒரு அம்மா. டாக்டரம்மா அறுபதை நெருங்குகிறவர். நோயாளிக்கும் நோயாளிக்கும் இடையில் நின்றபடி பிஸ்கட் சாப்பிட்டார். நாத்தனார் என்னைப் பார்த்து, வேற்று மனிதரைப் பார்ப்பது போல, “உட்காருங்க, கூப்பிடறேன்” என்றாள். எனக்கு வேண்டியதுதான்.

எனக்குப் பக்கத்தில் ஒருவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், மடியில் துணிப்பை. விரல் நகங்களில் சிமெண்ட். டைல்ஸ் ஒட்டும் வேலை என்றார். பேச்சுக் கொடுத்தேன். ஒரு வருடமாகக் கெண்டைக்காலில் தசை இழுத்துக்கொள்கிறதாம். அதற்கு ஒரு மாத்திரை. அந்த மாத்திரை போட்டால் பகலெல்லாம் தலை தொங்குகிறதாம். “முட்டி போட்டு உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியலீங்க. தரைக்கு ஒட்டற வேலையை விட்டுட்டேன். சுவருக்கு மட்டும்தான் இப்ப. பாதிக் கூலி.”

பையைத் திறந்து காட்டினார். ஏழு மருந்து. அடியில், நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சீட்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியில் நிமோனியாவுக்காகப் பதினோரு நாள் இருந்திருக்கிறார், அதில் ஐந்து நாள் தீவிர சிகிச்சையில். அங்கே சுவாச எந்திரத்தில் இருக்கிறவர்களுக்கு வயிற்றில் புண் வராமலிருக்க அந்த மாத்திரை கொடுப்போம். எந்திரத்தை எடுத்ததும் நிறுத்திவிடலாம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த மாத்திரைக்கு நேராக, ‘தொடரவும்’.

எத்தனை நாள் என்று இல்லை. ஏன் என்று இல்லை. தொடரவும். கீழே, ‘சரிபார்த்தது’ என்ற இடத்தில் என் சுருக்கொப்பம். அந்த வளைவை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

“இதை ஏன் இன்னும் சாப்பிடறீங்க?” என்று கேட்டேன். 

“பெரிய ஆஸ்பத்திரில குடுத்ததுங்க. என்னைக் காப்பாத்தினது அதுதானே. நிறுத்துவேனா?”

டாக்டரம்மா பார்க்கும்போது நானும் உள்ளே உட்கார டைல்ஸ்காரர் சம்மதித்தார். சீட்டைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “நாங்க நிறுத்தி, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? ஸ்பெஷலிஸ்ட் எழுதினதை கிளினிக் டாக்டர் நிறுத்திட்டான்னு வரும். தொடரவும்னு நீங்க எழுதறீங்க. நாங்க தொடர்றோம்.” கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு அவருடைய கார்டைப் புரட்டி, “கால் இழுக்குதுன்னு சொல்றாரே... இந்த மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிட்டா சிலருக்கு உடம்புல மெக்னீசியம் இறங்கிடும். நான் அந்தக் கோணத்துல பார்க்கவே இல்ல” என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

விட்டுப்போன மாதத்தின் கணக்கை வாங்க மறந்தேவிட்டேன்.

ஏப்ரல் 6

ஒரு சீட்டு. ஒரே ஒரு சீட்டு. அதை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?

ஆனால் என் கை எத்தனை சீட்டில் அந்த வளைவைப் போட்டிருக்கிறது? ஒரு நாளைக்கு நாற்பது? பத்தொன்பது வருஷம்.

ஏப்ரல் 9, புதன்

ஞாயிறு ராத்திரியே, இவரை நடுவில் வைத்து நாத்தனாருக்குச் சொல்லியனுப்பாமல், அவள் வீட்டுக்கு நானே போனேன். வாசலிலேயே சொன்னேன்: “நான் தப்பா எழுதிட்டேன். எனக்கு உங்க நோயாளிங்க கார்டு வேணும். இருநூறு. நீ உதவணும்.”

 “முதல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க அண்ணி” என்றாள். அவ்வளவுதான் சமாதானம். எங்கள் குடும்பத்தில் யாரும் மன்னிப்பு என்ற வார்த்தையைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா அனுமதி கொடுத்திருக்கிறார். மூன்று நாளாகக் காலையில் கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து இருநூறு பேருடைய கார்டுகளைப் பார்த்தோம். வயிற்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எழுபத்தொரு பேர். அதில் நாற்பத்தொன்பது பேருக்கு ஆரம்பித்தது ஆஸ்பத்திரி. அந்த நாற்பத்தொன்பதில் இன்றைக்கும் அது வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் எழுதியிருப்பது ஒன்பது பேருக்கு.

இன்ஹேலர் கதை வேறு. பச்சை மூடியை கிளினிக் யாருக்கும் புதிதாக எழுதவில்லை. ஒருவருக்குக்கூட. எல்லாமே ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. எங்களுக்கு கம்பெனி அதை ஒரு கோப்பைத் தேநீர் விலைக்குக் கொடுக்கிறது. அந்த விலை ஆஸ்பத்திரிக்கு மட்டும். கிளினிக் அதே பொருளை வாங்குவது ஒரு ஜோடி நல்ல செருப்பு விலைக்கு. அதே வேலையைச் செய்கிற சாதாரண இன்ஹேலர் இதில் கால் பங்குதான். ஆனால் பழகிய கையிலிருந்து அதைப் பிடுங்க யாருக்கு மனம் வரும்?

நாங்கள் ஐந்து நாள் கொடுக்கிறோம். அவர்கள் ஐந்து வருடம் கொடுக்கிறார்கள். நான் அவர்களை ஊதாரி என்று பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஒரே சட்டையில் இரண்டு பை. ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டுவிட்டு, பார், இந்தப் பை லேசாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறோம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பச்சை மூடிக்கு அந்த விலையைப் பேசி முடித்தது பூட்டு சார்.

இது எனக்கு ஒன்பதாம் தேதியே தெரியும். ஆறு நாள் தள்ளிப்போட்டேன். இன்று ஸ்டோரில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், சொன்னேன். கையில் இருந்த பட்டியலை மடித்துப் பையில் வைத்தார்.

“நான் திருடினேன்னு சொல்றியா?”

“ஐயோ, இல்ல சார்.”

“ஏழு மாசம் அந்தக் கம்பெனிக்காரன்கூட மல்லுக்கட்டி வாங்கின விலை. மருந்தில்லைன்னு ஒரு வார்டுல ஒருத்தரைத் திருப்பி அனுப்பினதில்ல நான்.”

“தெரியும் சார். எனக்குத் தெரியாதா? ஆனா வெளியில போனதும் —”

“இன்னும் ரெண்டரை மாசம். அதுக்குள்ள என் தலையில நீயே மண்ணள்ளிப் போடணுமா? உன்னை அந்த மேஜையில உட்கார வெச்சதே நான்.” பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, “போ. எழுதறதை எழுது.”

என்ன பண்ணட்டும் நான்? இந்த மனுஷன்தான் என்னைப் பிரசவ லீவுல வேலையை விட்டுத் தூக்காம காப்பாத்தினவர். முதல் வருஷம் நான் ஒரு மருந்தை மாத்திக் கொடுத்தப்ப வார்டுக்கு ஓடிப்போய் வாங்கிட்டு வந்தவர். அவருக்குப் போய் — சும்மா இருந்திருக்கலாம். யாரு கேட்டா? அந்தச் சீட்டைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பார்த்துவிட்டேனே.

ஏப்ரல் 16

பூட்டு சார் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

ஏப்ரல் 21, திங்கள்

முதல் வரைவைத் திரும்பப் பெறுகிறேன் என்று கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்தேன். “வியாழக்கிழமை கூட்டத்துல நீங்களே சொல்லுங்க. எல்லாரையும் வரச் சொல்றேன்” என்றார். பிடித்ததா பிடிக்கவில்லையா, அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியாது.

இவரிடம், “அந்தப் பதவி இனிமே கிடைக்காதுன்னு நினைக்கிறேன்” என்றேன். தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே, “என்கிட்ட டிரைவிங் கத்துக்க வர்றவங்கள்ல ரெண்டு வகை. தப்பான தெருவில நுழைஞ்சிட்டோம்னு தெரிஞ்சதும் நிறுத்தி ரிவர்ஸ் எடுக்கறவன் ஒருத்தன். வெளியில பார்க்கறவன் என்ன நினைப்பான்னு அப்படியே போயிட்டே இருக்கறவன் இன்னொருத்தன்” என்றார்.

“ரெண்டாவது ஆளுக்கு லைசென்ஸ் கிடைக்காதா?”

“கிடைக்கும். அதான் ரோடு இப்படி இருக்கு.”

ஏப்ரல் 24, வியாழன்

நடந்தது நடந்தபடி.

நீள மேஜை. தலைப்பக்கத்தில் கண்காணிப்பாளர். ஒரு பக்கம் நிதி அதிகாரி, இரண்டு வார்டு டாக்டர்கள். எதிரே கிளினிக் டாக்டரம்மா, தன் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி, பேட்டிக்கு வந்தவர் மாதிரி. பூட்டு சார் கடைசி நாற்காலியில்.

இருபது நிமிடம் பேசினேன்.  தாளை மேஜையிலேயே வைத்துப் படித்தேன். டைல்ஸ்காரரின் சீட்டை, பெயரை மறைத்து, காட்டினேன். “கீழே இருக்கற கையெழுத்து என்னுது” என்றேன்.

நிதி அதிகாரி என் பழைய வரைவைத் தட்டினார். “நாலு வாரத்துக்கு முன்னாடி நீங்களே வேற மாதிரி எழுதியிருக்கீங்களே? அப்ப பொய்யா, இப்ப பொய்யா?”

“ரெண்டும் இல்ல சார். அப்ப ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் பார்த்தேன். நோயாளி அந்த வாசலைத் தாண்டி வீட்டுக்குப் போறாரு. நான் போகல.”

ஒரு வார்டு டாக்டர், “தீவிர சிகிச்சையில இருந்து வர்றவருக்கு எதை எப்ப நிறுத்தணும்னு பார்க்க எங்களுக்கு எங்க நேரம்?” என்றார். நியாயம்தான். கிளினிக் டாக்டரம்மா முதல் முறையாக வாயைத் திறந்தார்: “நேரம் வேண்டாம். ஒரு வரி போதும். ‘இத்தனை நாள் கழிச்சு நிறுத்தலாம்’னு. அந்த ஒரு வரி இருந்தா எனக்குத் தைரியம் வரும்.”

பிறகுதான் நிதி அதிகாரி கேட்டார்: “அந்த இன்ஹேலரை இந்த விலைக்கு ஒப்பந்தம் போட்டது யாரு?”

 நான் தாளைப் பார்த்தேன்.

“நான்.” பூட்டு சார் எழுந்து நின்றிருந்தார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. “ஆஸ்பத்திரி செலவைக் குறைங்கன்னு என்கிட்ட கேட்டீங்க. குறைச்சேன். மொத்தத்துல குறையுதான்னு யாரும் கேட்கல. நானும் கேட்டுக்கல. இந்தம்மா கேட்டிருக்கு. நான் கேட்டிருக்கணும்.” உட்கார்ந்துவிட்டார்.

கண்காணிப்பாளர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

முடிவு: சாயங்கால நேரம் மூடப்படாது, ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பேசலாம். டிஸ்சார்ஜ் சீட்டை மாற்ற வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் நான் கிளினிக்கில் உட்கார்ந்து, நிறைய மருந்து சாப்பிடுகிறவர்களின் பட்டியலை டாக்டரம்மாவோடு சேர்ந்து பார்க்க வேண்டும். பச்சை மூடி ஒப்பந்தம் வருடக் கடைசி வரை இருக்கிறது, அதை ஒன்றும் செய்ய முடியாது. நிதி அதிகாரி நம்பவில்லை. ஆறு மாதம் கழித்து எண்ணைக் காட்டுங்கள் என்றார். காட்டுவோம்.

வெளியே வந்து பூட்டு சாருக்காகப் படிக்கட்டில் காத்திருந்தேன். என்னைத் தாண்டிப் போனார். இரண்டு படி இறங்கி நின்றார்.

“அந்த கிளினிக்குக்கு எந்த பஸ்?” என்று கேட்டார்.

ஏப்ரல் 25

நன்றாகத் தூங்கினேன். இவர் எழுப்பவேண்டியிருந்தது.

மே 20, செவ்வாய்

புதிய டிஸ்சார்ஜ் சீட்டு அச்சாகி வந்துவிட்டது. வடிவமைத்தது பூட்டு சார். கிளினிக்குக்கு நாலு தடவை போய்விட்டு வந்து, ஒவ்வொரு மருந்துக்கும் நேராக மூன்று கட்டம் போட்டிருக்கிறார்: எதற்காக, எத்தனை நாள், யார் நிறுத்துவது. மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் கவுன்டரில் மருந்து கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கிவிட்டார். வார்டு டாக்டர்கள் முணுமுணுக்கிறார்கள். ஒருவர் கோபத்தில் மூன்று கட்டத்திலும் ‘கடவுளுக்கே வெளிச்சம்’ என்று எழுதி அனுப்பினார். பூட்டு சார் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு நடந்தே போய், சரியாக எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் சந்தோஷம்.

கிளினிக்கில் எனக்குக் கொடுத்திருப்பது பின்னறையில் பாதி. இன்னொரு பாதியில் குழந்தைகளை எடைபார்க்கும் தொட்டில். ஜன்னல் கிடையாது.

ஜூன் 10

எல்லாம் நேராகப் போகவில்லை. வயிற்று மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியவர்களில் நாலு பேருக்கு நெஞ்செரிச்சல் பிடுங்கியெடுத்துவிட்டது. ஒரு அம்மாள் வந்து, “காசை மிச்சம் பிடிக்க எங்களைக் கொல்றீங்களா?” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டுப் போனாள்.  முதல் இரண்டு மூன்று வாரம் அப்படி இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு. இனி யாருக்கும் ஒரேயடியாக நிறுத்துவதில்லை, படிப்படியாகத்தான் குறைப்பது. மறுநாள் அந்த அம்மாள் வீட்டுக்கு நாத்தனாரும் நானும் போனோம். திட்டிக்கொண்டே தேநீர் கொடுத்தாள்.

ஜூன் 30, திங்கள்

பூட்டு சாரின் கடைசி நாள். பேசச் சொன்னார்கள். “முப்பத்தாறு வருஷம் மருந்தை உள்ள வெச்சுப் பூட்டறதுதான் வேலைன்னு இருந்தேன். கடைசி ரெண்டு மாசம் அது எங்க போகுதுன்னு பார்த்தேன். அதை முதல்லயே பார்த்திருந்தா பூட்டை இவ்வளவு இழுத்திருக்க மாட்டேன்” என்றார். பட்டப்பெயர் அவருக்குத் தெரியும் என்பது அதில் ஊர்ஜிதமாயிற்று. முன்வரிசை முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது.

நான் அழமாட்டேன் என்று நினைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

தலைமை மருந்தாளர் பதவிக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. கண்காணிப்பாளரே கூப்பிட்டு, “நீங்க போடணும்” என்றார். ஏப்ரலில் கதவு சாத்திவிட்டது என்றல்லவா நினைத்தேன்! படிவத்தை வாங்கிக்கொண்டேன். அந்தப் பதவிக்குப் போனால் கிளினிக் நாட்கள் இருக்காது. ஸ்டோர், ஒப்பந்தம், கூட்டம். சம்பளம் கணிசமாகக் கூடும். இவர் “உன் இஷ்டம்” என்கிறார், அவருடைய காலும் அசையாமல் இருக்கிறது. நாத்தனார் மட்டும், “நீங்க போயிட்டா அந்தப் பாதி அறையில பழைய சைக்கிளைப் போட்டுடுவாங்க” என்றாள்.

டைல்ஸ்காரர் வந்திருந்தார். ரத்தத்தில் மெக்னீசியம் குறைந்துதான் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது. வயிற்று மாத்திரை இல்லை. கால் இழுப்பு நின்றதும் அதற்கான மாத்திரையும் போயிற்று. “போன வாரம் ஒரு சமையலறை முழுசும் தரை போட்டேங்க. மூணு நாள் முட்டியிலேயே” என்றார். முட்டியில் வலிக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவருக்கு அவ்வளவு பெருமை.

செப்டம்பர் 9, செவ்வாய்

கிளினிக் நாள். டோக்கன் முப்பத்திநாலு வரை போயிற்று. சாயங்காலக் கூட்டம் இப்போது கூடத்துக்கு வெளியேயும் நிற்கிறது.

கடைசியாக ஒரு பெண், துணிக்கடையில் நிற்கிறவள், படுத்த படுக்கையான மாமனாரின் மருந்துகளை ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துவந்தாள். பதினொன்று. எதை எப்போது கொடுப்பது என்று தெரியாமல் தினமும் பயந்து பயந்து கொடுக்கிறாளாம். ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினோம். எது எப்போது ஆரம்பித்தது, யார் ஆரம்பித்தது, இன்னும் எதற்கு. டாக்டரம்மா நடுவில் மூன்று தடவை வந்து உட்கார்ந்தார். மேஜை டிராயருக்குள் என் போன் நாலு மணியிலிருந்தே விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் அதன் வாயை அடைத்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்து, பதினொன்று ஏழு மருந்தாகக் குறைந்தது. காலை, மாலை என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்ததும் அந்தப் பெண் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். “இவ்வளவுதானா?” என்றாள். பிறகு எழுந்து போகாமல், முதலாளி எப்படி உட்காரவே விடமாட்டார் என்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தாள். நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்துதான் போனைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து நாலு அழைப்பு. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணி. நிரப்பிய படிவம் என் கைப்பையிலேயே இருக்கிறது, இரண்டு வாரமாக.

“வேணும்னே விட்டுட்டியா?” என்று கேட்டார் இவர்.

“இல்ல. நிஜமாவே மறந்துட்டேன்.”

“காலாவதித் தேதி பார்க்காம ஒரு உப்புப் பாக்கெட்டைக்கூட வாங்கமாட்டே. நீயா மறந்தே?”

கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சூப்பைச் சூடாக்கப் போனார்.

வருத்தமாக இருக்கிறதா என்று எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். பசிதான் இருந்தது.

வியாழக்கிழமைக்குப் பதினாறு பேரை வரச் சொல்லியிருக்கிறேன்.